இடது பக்கச் சுவர்

ஜனவரி 9

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தோடு வரும் பொட்டலத்தைப் பிரித்ததும் மலைத்துவிடாதீர்கள். நம் சலவைக் கடைகளின் கையேடு அது. தொண்ணூற்றாறு பக்கம். அழுக்குத் துணியை வாங்கி வெளுத்துத் தேய்த்துக் கொடுக்க இத்தனை பக்கமா என்று அண்ணி கேட்பார்கள். ஒரு கடை வைத்திருந்தபோது எனக்கு ஒரு பக்கம்கூடத் தேவைப்படவில்லை. பதினோரு கடை ஆனபிறகு, நான் இல்லாத இடத்திலும் நான் நிற்க வேண்டியிருக்கிறது. அதுதான் இந்தப் புத்தகம். என் போர்டு தொங்குகிற எந்தக் கடைக்குள் போனாலும் ஒரே மாதிரி மடிப்பு, ஒரே மாதிரி வாசனை, ஒரே மாதிரி பதில் இருக்க வேண்டும்.

உங்களுடையது பன்னிரண்டாவது கடை. உங்களுக்கு ஏன் கொடுத்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ரயில்வே சிக்னல் அறையில் முப்பத்தோரு வருடம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்த மனிதர், மருமகள் எத்தனை மணிக்கு அடுப்பைப் பற்ற வைக்கிறாள், எத்தனை மணிக்கு அணைக்கிறாள் என்று நோட்டில் எழுதுகிறார் என்று என் மகள் போனில் அழுதாள். "மாமா நல்லவர்தாம்மா. ஆனா நான் தும்மினா மணி பாக்கிறாரும்மா" என்றாள். சரி, இந்த மனிதருக்கு எழுத ஒரு கடை வேண்டும் என்று முடிவு செய்தேன். கோபம் வேண்டாம்.

மூன்றாம் பக்கத்தைக் கவனியுங்கள். சந்தேகங்களைக் கடிதத்தில் மட்டுமே அனுப்ப வேண்டும். தொழில் விஷயத்தில் என் குரல் எனக்கே அடங்காது. போனில் உங்களிடம் கத்திவிட்டால், அது உங்கள் வீட்டு மாடியில் இருக்கிற என் மகள் தலையில் விடியும். கடிதத்தில் கத்தினால் சத்தம் வெளியே வராது.

நாற்பத்தோராம் பக்கத்தை இரண்டு முறை படியுங்கள். கடையில் கையேட்டை மீறி எது நடந்தாலும் மீறல் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு வருடத்துக்குள் மூன்று மீறல் வந்தால் போர்டு இறங்கும். சொந்தம், பந்தம் எதுவும் கிடையாது. ஏற்கெனவே ஒரு சொந்தத்தின் போர்டை இறக்கியிருக்கிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 2

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதமும் கையேடும் ஜனவரி 13 அன்று பகல் 11.20க்குக் கிடைக்கப்பெற்றன. கையேட்டை நான்கு முறை முழுமையாகப் படித்தேன். அடுப்பு விஷயத்தில் எனக்குக் கோபம் இல்லை. அந்த நோட்டை மருமகளிடமே கொடுத்துவிட்டேன். பின்பக்கத் தாள்களில் பால் கணக்கு எழுதிக்கொள்கிறாள்.

நம் வீட்டின் கீழ்த்தளத்தில் கடை திறந்து பதினெட்டு நாள் ஆகிறது. நான் உள்ளே இயந்திரங்களையும் பதிவேடுகளையும் பார்க்கிறேன். என் மனைவி கவுண்டரில் நிற்கிறாள். இரண்டு சந்தேகங்கள்.

முதலாவது, பதினேழாம் பக்கத்தில் "கடையின் இடது பக்கச் சுவரை எப்போதும் காலியாக விட வேண்டும்; எதையும் சாய்க்கவோ மாட்டவோ கூடாது" என்று இருக்கிறது. அப்படியே விட்டிருக்கிறேன். வலது பக்கத்தில் ஹேங்கர்கள் மோதிக்கொள்கின்றன. நான் பக்கவாட்டில் நடந்துதான் உள்ளே போகிறேன். வாடிக்கையாளர்கள் காரணம் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதற்குக் கையேட்டில் பதில் இல்லை.

இரண்டாவது, இருபதாம் பக்கத்தில் "மாலை நான்கு மணிக்குப் பின்பக்க ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம் வைக்க வேண்டும்" என்று இருக்கிறது. நம் கடையில் பின்பக்க ஜன்னல் கிடையாது. எனவே கொத்தனாரை அழைத்து ஒன்று வைத்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறை. அவரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றேன். "வலியோட உக்காந்திருக்கிறவங்களுக்குப் பார்க்க ஏதாவது இருக்கட்டும் சார்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். தினமும் நான்கு மணிக்கு நான் ஜன்னலைத் திறக்கிறேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் என்னைப் பார்க்கிறார்கள். நான் அவர்களைப் பார்க்கிறேன். நான்கு பத்துக்கு மூடிவிடுகிறேன். இந்தப் பத்து நிமிடத்தில் நான் வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

தங்கள் நலம் விரும்பும்
சம்பந்தி


பிப்ரவரி 11

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தது தப்பு. சிரித்த சிரிப்பில் கணக்குப் பெண் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

ஜன்னல் இல்லை என்றால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக வேண்டியதுதானே! சுவரை இடிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

சரி, உள்ளதைச் சொல்கிறேன். யாரிடமும் சொல்லக் கூடாது. இந்தக் கையேட்டை நான் உட்கார்ந்து எழுதவில்லை. ஐந்தாவது கடை திறந்தபோது ஒரு டைப்பிஸ்டை அழைத்து, என் முதல் கடையில் ஒரு மூலையில் உட்கார வைத்து, "காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் என்ன செய்றனோ அதை அப்படியே அடி" என்றேன். அந்த மனிதர் உங்கள் ஜாதகம் போலிருக்கிறது. எதையும் விடாமல் அடித்துவிட்டார். அந்தக் கடையின் இடது சுவருக்குப் பின்னால் மாடி வீட்டுக் கழிவுநீர்க் குழாய் ஓடியது. சுவர் எப்போதும் ஓதமாக இருக்கும். வெள்ளைத் துணி பட்டால் மஞ்சள் கறை. அதனால் காலியாக விட்டிருந்தேன். அவ்வளவுதான். இப்போது மற்ற பதினோரு கடையிலும் காய்ந்த, நல்ல, உறுதியான இடது சுவர்கள் சும்மா நிற்கின்றன.

ஜன்னல் கதை வேறு. நான்கு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். என் மகள் பின்தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போவாள். கடையை விட்டு என்னால் நகர முடியாது. ஜன்னலைத் திறந்தால் போகிற போக்கில் கையாட்டுவாள். அந்த நாட்களில் அவள் முகத்தை வெளிச்சத்தில் நான் பார்த்தது அந்தப் பத்து நிமிடம்தான். நீராவி வெளியேறுவதற்காக என்று டைப்பிஸ்ட் தானாக நினைத்துக்கொண்டு அடித்திருக்கிறார். நானும் திருத்தவில்லை.

இப்போதும் திருத்த மாட்டேன். ஒன்றை மாற்றினால் பதினோரு பேரும் அடுத்ததை ஏன் மாற்றக் கூடாது என்று வரிசையில் நிற்பார்கள். சுவர் காலியாகவே இருக்கட்டும். நான்கு மணிக்குப் பல் வலிக்காரர்களுக்குக் கையாட்டுங்கள்.

உங்கள் சம்பந்தி


மார்ச் 6

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். ஜன்னலின் காரணம் தெரிந்தபிறகு அதைத் திறக்கும்போது எனக்கு வேறு மாதிரி இருக்கிறது. மருமகளிடம் சொல்லவில்லை. ஆனால் நேற்று நான்கு மணிக்கு அவள் கடைக்கு வந்திருந்தாள். நீயே திற என்று சொன்னேன். திறந்தாள். ஒரு சிறுமி, வீங்கிய கன்னத்தோடு, அவளைப் பார்த்துக் கையாட்டினாள்.

நாற்பத்தோராம் பக்கத்தின்படி பிப்ரவரி மாத மீறல் பதிவேட்டின் நகலை இணைத்துள்ளேன்.

பதிவு 1. பிப்ரவரி 18. நேரம் 10.42 முதல் 11.04 வரை. மீறியவர்: கவுண்டர் பணியாளர் (என் மனைவி). விதி: வாடிக்கையாளரிடம் மூன்று நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது. விவரம்: ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் தினமும் ஒரே ஒரு சட்டையோடு வருகிறார். அவரிடம் இருபத்திரண்டு நிமிடம் பேசினாள். பேசிய பொருள்: அவரது மூட்டு வலி, இறந்துபோன அவர் மனைவி வளர்த்த பூனை, கடைசி ஏழு நிமிடம் என்னைப் பற்றி.

பதிவு 2. பிப்ரவரி 25. நேரம் காலை 7.05. மீறியவர்: மேற்படியார். விதி: டோக்கன் இல்லாமல் துணி தரக் கூடாது. விவரம்: மருத்துவமனை நர்ஸ் ஒருவர் டோக்கனைத் தொலைத்துவிட்டார். டியூட்டிக்கு நேரமாகிறது என்றார். "இந்தப் பொண்ணு மொகம் எனக்குத் தெரியாதா? டோக்கனைவிட அவ மொகத்தைத்தான் நான் நிறைய தடவை பாத்திருக்கேன்" என்று சொல்லிச் சீருடையைக் கொடுத்துவிட்டாள்.

இரண்டுக்கும் பணியாளரின் கையொப்பம் பெற வேண்டும் என்று கையேடு சொல்கிறது. இன்னும் பெறவில்லை. தக்க நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சம்பந்தி


மார்ச் 12

சம்பந்தி,

"அவர்களுக்கு" எழுதக்கூடக் கை வரவில்லை. என்ன காரியம் செய்தீர்கள்? சொந்தப் பெண்டாட்டி மேலேயே ரிப்போர்ட் எழுதி ஹெட் ஆபீசுக்கு அனுப்புகிற மனிதர் உலகத்தில் உண்டா?

என் தணிக்கைப் பெண் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்து, "மேடம், பன்னெண்டாம் கடை ரெண்டு ஆயிடுச்சு" என்றாள். அவளுக்கு நீங்கள் யார் என்று தெரியும். தெரிந்தும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் என்ன செய்கிறேன் என்று பதினோரு கடைக்காரர்களும் பார்ப்பார்கள்.

மற்ற கடைகளின் பதிவேட்டைப் பார்த்திருக்கிறீர்களா? மூன்று வருடமாக வெள்ளை வெளேர். ஒரு கோடு கிடையாது. அங்கே மனிதர்கள் வேலை செய்யவில்லையா? கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளத் தெரிய வேண்டும், சம்பந்தி. அண்ணி பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி மெஷினைப் பாருங்கள்.

முதல் கடிதத்தில் சொந்தத்தின் போர்டை இறக்கினேன் என்றேன் அல்லவா? அது என் தம்பி. மூன்று வருடம் ஆயிற்று. மூன்று மீறல். நானே நின்று இறக்கினேன். அன்றிலிருந்து அவன் என்னிடம் பேசுவதில்லை. அவனுக்குக் காட்டாத சலுகையை உங்களுக்குக் காட்டினால், பிறகு நான் அவன் முகத்தை எந்த ஜென்மத்திலும் பார்க்க முடியாது. காட்டாவிட்டால், என் மகள் இருக்கிற வீட்டுக் கடையை நானே மூடியவளாவேன். என்னை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

மூன்றாவது பதிவு எனக்கு வரக் கூடாது. புரிகிறதா?


மார்ச் 19

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். மூன்றாவது பதிவை இணைத்துள்ளேன்.

பதிவு 3. மார்ச் 14. நேரம் பகல் 1.10 முதல் 1.45 வரை. மீறியவர்: கவுண்டர் பணியாளர். விதி: தையல் வேலை நம்முடையதல்ல. விவரம்: வேலைக்கான நேர்காணலுக்குப் போகும் ஒருவருடைய கோட்டின் உள்துணி தோள்பட்டையில் கிழிந்திருந்தது. "கோட்டு சுத்தமா இருந்து என்ன, உள்ள கிழிஞ்சிருக்குன்னு நெனச்சிக்கிட்டே உக்காந்தா அந்தப் புள்ளைக்குப் பதில் வருமா?" என்று கேட்டுக்கொண்டே தைத்துவிட்டாள்.

தங்கள் கடிதம் மார்ச் 15 அன்றே வந்துவிட்டது. நான்கு நாள் யோசித்தேன். தாங்கள் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறீர்கள். மன்னிக்க வேண்டும். சிக்னல் அறையில் எங்களுக்கு ஒரே ஒரு பாடம்தான். தவறு செய்யாத ஆள் கிடையாது. மழை நாளில் நெம்புகோல் நழுவும், தூக்கம் கண்ணைக் கட்டும். நழுவியதை எழுதி வைத்தால் அடுத்து வருகிறவன் பார்த்துத் திருத்துவான். எழுதாமல் விட்டால் இரண்டு ரயில்கள் ஒரே தண்டவாளத்தில் வரும். என் வேலைக்காலம் முழுக்க என் தவறுகளை நானே எழுதியிருக்கிறேன், நூற்றுப் பதினாறு. ஒன்றுக்கும் என்னைத் தண்டிக்கவில்லை. எழுதாமல் விட்ட ஒருவரை மட்டும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பதிவேடு வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது தங்கள் விருப்பமானால், அதையும் கையேட்டில் ஒரு பக்கமாக அச்சிட்டு அனுப்புங்கள். அதையும் கடைப்பிடிக்கிறேன்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கையொப்பம் கேட்கத் தக்க நேரம் வருவதற்குள் அவளே பதிவேட்டைப் பார்த்துவிட்டாள். மூன்றையும் நின்றபடியே படித்தாள். "மேற்படியாராம்ல!" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கவுண்டரில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ஐந்து நாளாகக் கடைக்கு வரவில்லை. என்னிடம் பேசவுமில்லை. தட்டை வைக்கிறாள், போகிறாள்.

விதிப்படி போர்டை இறக்க ஆள் அனுப்புங்கள். ஏணி கடையிலேயே இருக்கிறது.

சம்பந்தி


மார்ச் 24

சம்பந்தி அவர்களுக்கு,

ஆள் வரமாட்டான். இப்போதைக்கு. நான் மூன்று கடைகளுக்குச் சொல்லாமல் போகப் போகிறேன். வந்து எழுதுகிறேன். அதுவரை ஏணியைத் தொடாதீர்கள்.

நூற்றுப் பதினாறு என்று எழுதியிருந்தீர்களே, அந்த எண் இரண்டு நாளாகத் தலைக்குள்ளேயே சுற்றுகிறது.

அண்ணியிடம் மன்னிப்புக் கேளுங்கள். வாயால் கேளுங்கள். உங்களைத் தெரிந்துதான் சொல்கிறேன்: வாயால்.


ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அறிவுரை தாமதமாக வந்தது. அதற்குள் மன்னிப்பைக் கடிதமாக எழுதி, சாப்பாட்டு மேசையில் அவள் டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டேன். மறுநாள் காலை அது என் சட்டைப் பையில் இருந்தது. மேலே அவள் கையெழுத்தில், "நேரம் குறிப்பிடப்படவில்லை. ஏற்க இயலாது" என்று எழுதியிருந்தது. மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கவுண்டரில் நானே நிற்கிறேன். இருபத்தெட்டாம் பக்கத்தில் இருப்பதுபோல், "வணக்கம், இன்று உங்கள் துணிக்கு எங்கள் சேவை என்ன?" என்று கேட்கிறேன். கேட்டதும் மூட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். நூலகர் வந்தார். எட்டிப் பார்த்தார். "அம்மா எங்க?" என்றார். மேலே இருக்கிறாள் என்றேன். "அப்ப இது இன்னொரு நாளைக்குப் போடலாம், அவ்வளவு அழுக்கில்ல" என்று சட்டையோடு திரும்பிவிட்டார். நர்ஸும் கேட்டார். கோட்டுக்காரர் இனிப்பு டப்பாவோடு வந்தார்; வேலை கிடைத்துவிட்டது போலும். அதை என்னிடம் சொல்லாமல், எப்போது வருவார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

இவை எதுவும் பதிவேட்டில் எழுதத் தக்கவை அல்ல. ஏனெனில் எந்த விதியும் மீறப்படவில்லை. ஆனால் கடை காலியாக இருக்கிறது. சிக்னல் அறையில் இருந்தவரை, எல்லாம் விதிப்படி நடந்தால் ரயில் வந்து சேரும். இங்கே எல்லாம் விதிப்படி நடக்கிறது, ரயில்தான் வரவில்லை. இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் தங்களுக்கு எழுதுகிறேன்.

சம்பந்தி


ஏப்ரல் 15

சம்பந்தி அவர்களுக்கு,

போய்விட்டு வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூன்றாம் கடை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு மூட்டையோடு வாடிக்கையாளர் மாதிரி நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் எனக்கு முன்னால் நின்றவரிடம் கால் மணி நேரம் பேசினாள். அவருடைய சட்டைக்குப் பொத்தானும் தைத்துக் கொடுத்தாள். அப்புறம் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். வெள்ளை. ஏழாம் கடையில் டோக்கன் என்ற பேச்சே இல்லை. "அக்கா, அந்த நீலச் சேலைதானே உங்களுது?" என்று எடுத்து நீட்டுகிறான். பதிவேடு வெள்ளை. உங்கள் வீட்டில் நடந்ததுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது. நீங்கள் எழுதினீர்கள், அவர்கள் எழுதவில்லை.

இதுவரை எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒன்பதாம் கடைக்குப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. தேய்க்கிற மெஷினுக்கு நீராவி தருகிற பாய்லர் இருக்கிறதே, அதன் மேலே ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து நீராவியை வெளியே விடும். அது பழுதாகி ஓயாமல் சீறிக்கொண்டிருந்திருக்கிறது. கம்பியைச் சுற்றி முறுக்கி, திறக்கவே முடியாதபடி கட்டிவைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்று இரண்டு பெண்கள் துணி தேய்க்கிறார்கள். பாய்லர் வெடித்திருந்தால் இருவரும் அவ்வளவுதான். மெஷினை அணைக்கச் சொல்லிவிட்டு, "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்றேன். கடைக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆறு மாசம்மா. மெஷின் பழுதும் மீறல்தான்னு புத்தகத்துல இருக்கு. எழுதினா ஒண்ணு ஏறிடும். ஏற்கெனவே உங்க தம்பி கடையைப் பாத்தோம்ல..." என்றான்.

மெக்கானிக் வந்து வால்வை மாற்றும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நான் ஒழுங்கு வர வேண்டும் என்று எழுதிய பக்கம், பயத்தை மட்டும்தான் கொண்டுவந்திருக்கிறது. மூன்று வருட வெள்ளைத் தாளைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன், சம்பந்தி. வெளுப்பதுதானே என் தொழில்! கறை போன துணிக்கும் கறையை மறைத்து மடித்த துணிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

இன்னொன்று சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் நாலு நாள் ஆயிற்று. என் தம்பியின் மூன்று மீறலையும் எழுதியது யார் தெரியுமா? அவனேதான். தண்ணீர் உப்பாக இருக்கிறது, கையேட்டில் சொன்ன சோப்பில் நுரை வரவில்லை, அளவை மாற்றினேன் என்று மூன்று முறை அவனே எழுதி அனுப்பினான். எனக்கு அது திமிராகத் தெரிந்தது. அக்காவிடமே சவால் விடுகிறான் என்று நினைத்தேன். அவன் சொன்னது எனக்கு அன்று கேட்கவில்லை. அவன் போர்டு இறங்கிய நாளிலிருந்துதான் மற்றவர்கள் எழுதுவதை நிறுத்தியிருக்கிறார்கள். தேதி பார்த்துவிட்டேன்.

புதிய நாற்பத்தோராம் பக்கத்தை இணைத்திருக்கிறேன். எல்லாக் கடைக்கும் இதுதான். எழுதப்பட்ட எந்த மீறலுக்கும் தண்டனை கிடையாது. ஒரே விஷயம் பல கடைகளில் எழுதப்பட்டால், ஆளைத் திருத்துவதற்கு முன் விதியைப் பார்க்க வேண்டும். எழுதாமல் விட்டதை நாங்கள் கண்டுபிடித்தால் மட்டும் போர்டு இறங்கும். இது உங்கள் சிக்னல் அறையின் சட்டம். வாடகை கேட்டுவிடாதீர்கள்.

ஆனால் புதிய பக்கம் மே முதல் தேதியிலிருந்துதான் நடப்புக்கு வரும். உங்கள் மூன்றும் பழைய கணக்கு. உங்களை மட்டும் விட்டுவிட்டேன் என்று ஒருத்தரும் சொல்லக் கூடாது, முக்கியமாக என் தம்பி. ஆகவே பழைய விதிப்படி போர்டு இறங்கத்தான் வேண்டும். ஆள் அனுப்ப மாட்டேன். மே முதல் தேதி காலை நானே வருகிறேன்.

ஏணியை எடுத்து வையுங்கள்.

உங்கள் சம்பந்தி


மே 4

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். ஊர் போய்ச் சேர்ந்த செய்தி மருமகள் மூலம் கிடைத்தது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஐம்பத்தெட்டு வயதில் தாங்களே ஏணியில் ஏறியது கையேட்டின் முப்பத்து மூன்றாம் பக்கத்துக்கு (உயரத்தில் வேலை செய்பவருக்கு உதவியாள் அவசியம்) முரணானது. உதவியாளாக நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதால் எழுதவில்லை.

அன்று காலை 9.05க்குப் போர்டு இறங்கியது.  நூலகர் சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். தாங்கள் போர்டைக் கவுண்டரில் வைத்து, ஈரத்துணியால் துடைத்து, திருப்பி முதுகையும் துடைத்தீர்கள். 9.20க்கு, "பழைய கணக்கு முடிஞ்சுது. இனி புதுப் பக்கம். தூக்குங்க சம்பந்தி" என்றீர்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஏழு முறை மணி பார்த்தேன். ரயில் வருமா வராதா என்று தெரியாமல் சிக்னல் அறையில் நின்ற நாட்களில்கூட அத்தனை முறை பார்த்ததில்லை.

தூக்கும்போது ஒரு முனையைப் பிடிக்க இன்னொரு கை வந்ததைத் தாங்களும் பார்த்தீர்கள். "மேற்படியார் பிடிச்சிக்கிறேன், நீங்க ஆணியைப் பாருங்க" என்றாள். நாற்பத்தெட்டு நாளில் என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தைகள். தாங்கள் சொன்னபடி அங்கேயே, வாயால், எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். "மணி என்ன?" என்று கேட்டாள். ஒன்பது இருபத்தாறு என்றேன். "ஏற்கப்பட்டது" என்றாள்.

இடது சுவர் விதியைத் தளர்த்தி, தாங்கள் போடச் சொல்லிவிட்டுப் போன பெஞ்சு வந்துவிட்டது. இடது பக்கச் சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறேன். மேலே ஒரு பலகையில் ஊசி, நூல், பொத்தான் டப்பா. பேச வருகிறவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். கவுண்டரில் கூட்டம் தேங்கவில்லை. நூலகர் நேற்று இரண்டு சட்டை கொண்டுவந்தார். நான்கு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் பல் டாக்டரும் எட்டிப் பார்த்து, பெஞ்சில் இடம் இருக்கிறதா என்று கேட்கிறார்.

புதிய பக்கத்தின்படி முதல் பதிவை இணைத்துள்ளேன்.

பதிவு 1. மே 1. நேரம் 10.10 முதல் 11.32 வரை. மீறியவர்: நிறுவனத்தின் உரிமையாளர். விதி: மூன்று நிமிடப் பேச்சு. விவரம்: கவுண்டர் பணியாளரோடு எண்பத்திரண்டு நிமிடம் பேசினார். பேசிய பொருள்: பெரும்பாலும் என்னைப் பற்றி. இருவரும் சிரித்தார்கள். காரணம் கேட்டும் சொல்லவில்லை.

சம்பந்தி


மே 20

சம்பந்தி அவர்களுக்கு,

பதிவு கிடைத்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுத் தலைமை அலுவலகச் சுவரில் மாட்டிவிட்டேன், இடது பக்கச் சுவரில். தணிக்கைப் பெண் தினம் ஒரு முறை படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறாள். மூன்று நிமிட விதியை எடுத்துவிட்டேன். இருபது நாளில் ஒன்பது கடையிலிருந்து அறுபத்து மூன்று மீறல் எழுதி வந்திருக்கிறது. என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு கெட்ட செய்தி ஒன்றாக வந்ததும் இல்லை, நான் இவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதும் இல்லை.

ஜன்னல் பக்கத்தையும் எடுத்துவிடலாமா என்று மகளிடம் கேட்டேன். கதையைச் சொன்னேன்.  "இருக்கட்டும்மா. யாராவது யாருக்காவது கையாட்டிட்டுப் போகட்டும்" என்றாள். இருக்கட்டும்.

தம்பிக்குக் கடிதம் எழுதினேன். கையேட்டு நடையில் மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். கடைசியில் நாலே வரி. நீ எழுதினது சரி. நான் படிச்சதுதான் தப்பு. உன் தண்ணி உப்புன்னு புத்தகத்துல இப்ப ஒரு பக்கம் இருக்கு. வா.

பதினோரு நாள் பதில் இல்லை. போஸ்ட்மேன் வரும்போதெல்லாம் வேலை இருப்பது போல வாசலில் நின்றேன். நேற்று வந்தது. அவனும் அதிகம் எழுதவில்லை: "அக்கா, போர்டை நான் விக்கல, உடைக்கல. பழைய பெட்ஷீட்ல சுத்தி மாடிப்படிக்கு அடியில வச்சிருக்கேன். அப்பப்ப தொடச்சும் வச்சிருக்கேன். நான் வரமாட்டேன். நீதான் வரணும். எறக்கினவதான் ஏத்தணும். இங்க ஏணி இல்ல."

வரும் சனிக்கிழமை போகிறேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.  இத்தோடு நிறுத்துகிறேன்.

உங்கள் சம்பந்தி


மே 23

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் தம்பியின் முகவரியை மருமகளிடம் வாங்கி, நம் கடையின் ஏணியை இன்று காலை 8.15க்கு லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். நான்காவது படி கொஞ்சம் ஆடும். பார்த்து ஏறவும். கீழே பிடித்துக்கொள்ளத் தம்பி இருப்பார்.

ஏணியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். இங்கே இனி தேவைப்படாது.

போர்டு ஏறியதும், தேதி, நேரம் குறித்து இருவரும் கையொப்பமிட்டு ஒரு நகல் அனுப்பவும்.

சம்பந்தி